ஊற வைத்தால் போதுமாம்

பச்சைப்பயறு மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் நான் இயற்கை உணவுக்கு எதிரி என்றும், புருஷன் உடம்பு தேறுவது பொறுக்காதவள் என்றும் பேசிக்கொண்டு திரிகிறார்கள். பேசட்டும். முளை கட்டின பயறில் தேங்காயைத் துருவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டால் நானும் ஒரு கிண்ணம் தின்பேன். இன்றைக்குக் காலையில்கூடத் தின்றேன். பயறு என்னை என்ன செய்தது?

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரைட்டர் என்றதும் கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்து விடுவதும், சாயங்காலம் அவரவர் பறித்த காப்பிப் பழத்தை எடை போட்டு எழுதிக்கொள்வதும்தான் அந்த வேலை. ஆயுசு பூராவும் அடுத்தவர்கள் குனிந்து நிமிர்வதை நின்றுகொண்டு பார்த்தவர். கெட்டவர் கிடையாது. ஆட்கள் அவரை மதித்தார்கள், கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே ரைட்டர்தான், ஆள் மட்டும் ஒருத்தி.

ஓய்வு பெற்றதும் தொப்பை வந்தது, அதன் பின்னாலேயே முட்டி வலியும் வந்தது. தெரிந்தவர் ஒருவர், சேலத்தில் இயற்கை உணவு முகாம் நடக்கிறது, வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான வெள்ளக்கடையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றியிருந்தது, கண் பளபளத்தது, கையில் ஒரு பெரிய துணிப்பை. பை நிறைய விதை. பாதாம், நிலக்கடலை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, சூரியகாந்தி விதை, எள், வெந்தயம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, இனிமேல் அடுப்பில் ஏற்றிய எதையும் தொடப்போவதில்லை என்று அறிவித்தார்.

"உனக்கும் விடுதலை," என்றார். "நொம்ப காலம் அடுப்படியில வெந்துட்ட புள்ள. இனி ஊற வெச்சா போதும்."

பொய் சொல்லக் கூடாது, எனக்குக் காது குளிர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. இனி காலையில் இட்லி இல்லை, சட்னி இல்லை, மத்தியானக் குழம்பு இல்லை, சாயங்காலம் பஜ்ஜி கேட்க ஆள் இல்லை. எனக்கென்று ஒரு கை அரிசியைப் பொங்கிக்கொண்டால் தீர்ந்தது. மிச்ச நேரத்தையெல்லாம் என்ன செய்வது என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன், பைத்தியக்காரி.

அந்தக் கணக்கில் முதலில் வந்தது எங்கள் மாதா கோயில் பாடகர் குழுதான். பாவாடை தாவணி போட்ட காலத்திலிருந்து நான் அதில் இரண்டாம் குரல். முதல் குரல் பாடுகிறவர்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் குரல் இருப்பதே பலருக்குத் தெரியாது. இல்லாவிட்டால் மட்டும் பாட்டு மொட்டையாக நிற்கும். ஞாயிறு காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய், பூசையில் பாடிவிட்டு, வெளியே மரத்தடியில் நாலு பேரோடு பேசிவிட்டுத் திரும்புவேன். வாரம் முழுக்க நான் யாருக்கோ மனைவி, யாருக்கோ அம்மா, யாருக்கோ அக்கா. அந்த ஒரு காலைப் பொழுதுதான் எனக்கே எனக்கு. பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அடுப்பை அணைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று நினைத்தேன். இருந்ததும் போயிற்று.

விதையை ஊற வைத்துப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, உண்மைதான். அதற்குப் பிறகுதான் கூத்து. நிலக்கடலை நுரை விடும்; நுரையைக் கழுவாமல் விட்டால் வாடை அடிக்கும். சூரியகாந்தி விதையின் தோல் மேலே மிதக்கும், அதைக் கையால் அள்ளி அள்ளி எடுக்க வேண்டும். எள்ளில் மண் இருக்கும். வெந்தயம் வழுவழுவென்று கையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பாதாமை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் பிதுக்கித் தோலுரிக்க வேண்டும். அவருக்குத் தோல் ஆகாது என்று முகாமில் சொல்லியிருந்தார்களாம். கொண்டைக்கடலை ஊறினால் மட்டும் போதாது, முளை எட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை அலசி அலசித் துணியில் கட்ட வேண்டும். பிறகு தேங்காயை அரைத்துப் பால் பிழிய வேண்டும், ஊறின ராகியை அரைத்துப் பால் பிழிய வேண்டும், பிழிந்த துணியைத் துவைக்க வேண்டும். துவைத்த துணி எங்கள் ஊர் மேகமூட்டத்தில் காயவே காயாது.

இதிலெல்லாம் பெரிய கஷ்டம் இன்னொன்று. குழம்பு காத்திருக்கும். ஒரு புளிக்குழம்பை வைத்துவிட்டு இரண்டு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால், சுட வைத்து ஊற்றிக்கொள்ள அவருக்கே தெரியும். விதை காத்திருக்காது. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் அலச வேண்டும். ஒரு வேளை தவறினால் கெட்டுப்போகும். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போன மாதிரி, எங்கே போனாலும் மனசு வீட்டிலேயே கிடக்கும். தங்கச்சி வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன்.

பக்கத்து மலைக் கிராமமான தலைச்சோலையிலிருந்து ஒரு அம்மா எங்களுக்கு ராகியும் கொள்ளும் கொண்டுவந்து கொடுப்பார். மலையில் காடு வைத்திருக்கிறவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். ஒருநாள் என் அடுப்படித் திட்டில் வரிசையாக இருந்த கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பச்சையாகவா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வெளியே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து போனில் யாருக்கோ இயற்கை உணவின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்தார்.

"எங்கூட்டு மாட்டுக்கு நானும் இப்படித்தான் கொள்ளு ஊற வெக்கறனுங்கக்கா," என்றார். "ஆனா மாடு பாடம் நடத்தாதுங்க."

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எள் கொட்டிவிட்டது.

கோடைக்காலம் எப்படியோ ஓடியது. குளிர் ஆரம்பித்ததும்தான் வினை வந்தது. முகாமில் சொல்லிக்கொடுத்தது சேலத்து வெயிலின் கணக்கு. அங்கே சாயங்காலம் ஊற வைத்து, மறுநாள் துணியில் கட்டினால் அதற்கடுத்த காலையில் முளை விரல் நீளம் நிற்கும். எங்கள் மலையில் மழை முடிந்து பனி இறங்கிவிட்டால் மனிதர்களே போர்வையைவிட்டு வெளியே வர யோசிப்போம், பயறு மட்டும் வருமா? கட்டின மூட்டையை அவிழ்த்தால் போட்டது போட்டபடி கல்லு மாதிரி கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டேன். முளை வரவில்லை, புளித்த வாடைதான் வந்தது. அவர் மோந்து பார்த்துவிட்டு, நான் துணியைச் சரியாகக் கட்டவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு வேலையை எடுத்துவிட்டுத் தோற்பதென்றால் எனக்கும் பிடிக்காது. மூட்டையைக் கம்பளியில் சுற்றிப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருமே என்று அங்கே செருகிப் பார்த்தேன். கடைசியில் கைகொடுத்தது, அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வாங்கின ரப்பர் பை. அதில் வெந்நீரை நிரப்பித் துண்டில் சுற்றி, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடியில் வைத்து, மேலே பயறு மூட்டையை வைத்து, தட்டுப் போட்டு மூடி, அதற்கு மேல் கோணிச் சாக்கைப் போர்த்தினேன். சாயங்காலம் ஒருதரம் தண்ணீரை மாற்றினேன், படுக்கப் போகுமுன் ஒருதரம், விடியற்காலையில் ஒருதரம். மறுநாள் முளை வந்தது. என்ன அழகாக வந்தது தெரியுமா, வெள்ளை வெளேரென்று.

அந்த வெந்நீர் எங்கே காய்ந்தது? அடுப்பில்தான். அடுப்புச் சூடே படாத உணவுக்காக எங்கள் வீட்டு அடுப்பு தினமும் மூன்று வேளை எரிந்தது. நான் இதை ஒளித்து மறைத்தேன் என்று அப்புறம் ஒரு பேச்சு கிளம்பியது. சுத்தப் பொய். அடுப்படிக் கதவு திறந்தேதான் கிடந்தது. அவர் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். கிண்ணம் மேஜைக்கு வரும், தின்பார், "பாத்தியா, எப்படித் தானா முளைச்சிருக்குது" என்பார்.

அவருக்கு உடம்பு நிஜமாகவே இளைத்தது. தொப்பை கரைந்ததும் பேச்சு கூடியது. முகாம் நடத்தின அமைப்பாளர் சேலத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை இரண்டு காரில் கூட்டிக்கொண்டு வந்தார். மலைக்காற்றில், இயற்கைச் சூழலில், இயற்கை உணவு. வந்தவர்களுக்கு வாய் நிறைய மரியாதை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பேர் அடிவாரத்தில் காரை நிறுத்தி டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறியிருந்தார்கள். கிட்டே வந்து பேசினாலே வடை மணத்தது. அவர்களுக்கு நான் தட்டுத் தட்டாக முளைப்பயறும் பாதாம் பாலும் நீட்டினேன். என் வீட்டுக்காரர் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. ஒரு வாரம்தானே என்றிருந்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வெள்ளிக்கிழமையே நான் ஊற வைக்க ஆரம்பிக்க வேண்டும், சனிக்கிழமை முழுக்க அலசல், ஞாயிறு விடிந்ததும் உரிக்கவும் அரைக்கவும் பிழியவும் சரியாக இருக்கும். ஏற்காட்டில் சர்ச் மணி அடிக்கிற நேரத்துக்கு என் கை தேங்காய்த் துருவலில் இருக்கும்.

டிசம்பர் பிறக்கும்போது, குழுவை நடத்துகிற சிஸ்டர் போன் செய்தார். நல்லவர், கண்டிப்பானவர். கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குப் புதுப் பாட்டுகள் எடுத்திருக்கிறோம், ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பயிற்சி, வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறிலிருந்து வருகிறவர்கள்தான் அன்றைக்கு நிற்கலாம், வராதவர்களுக்காக நிறுத்தி வைக்க முடியாது என்றார். இரண்டாம் குரலுக்கு ஹாஸ்டல் பிள்ளை ஒன்றைப் பழக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நான் வருகிறேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு அழுகை வந்தது. எனக்குப் பதிலாக இன்னொருத்தி பாடுகிறாளே என்று அழவில்லை. போகிறேன் என்று வீட்டில் சொல்ல நான் பயந்ததை நினைத்துத்தான்.

அந்த வாரம் வந்தவர்களில் சேலத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி இருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து பாதாம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. தான் வேலைக்குப் போகிறவள், இத்தனையும் ஊற வைத்து, அலசி, முளை கட்டுவதற்குத் தனக்கு எங்கே நேரம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"இதுல வேலையே இல்லீங்கம்மா. ஊற வெச்சா போதும், அதுவா முளைச்சிரும். எங்கூட்டையே பாருங்க, எங்கூட்டம்மாவுக்கு இப்ப வேலைன்னு ஒண்ணுமே கிடையாதுங்க."

என் கையில் தோல் உரித்த பாதாம் ஒன்று இருந்தது. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி, வெளுத்துப்போய்க் கிடந்தது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்த்திருந்தால் ஊரே என்னைப் பைத்தியம் என்றிருக்கும். உட்கார்ந்து மிச்சப் பாதாமையும் உரித்தேன். அன்று உரித்த மாதிரி கோபமாக யாரும் பாதாம் உரித்திருக்க மாட்டார்கள்.

எல்லோரும் போனபிறகு அவர் அடுத்த குண்டைப் போட்டார். எங்கள் வீட்டை நிரந்தர மையமாக ஆக்கிவிடலாம் என்று அமைப்பாளர் சொல்கிறாராம். பக்கத்து அறையைச் சரிசெய்துவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்கள் தங்கிக்கொள்வார்கள். வருஷம் பூராவும். வரும் ஞாயிறு அவர்கள் வந்து பேசி முடிக்கப் போகிறார்கள். இவர் சரி என்று சொல்லியே விட்டார். ஆட்களுக்கு வேண்டியதையெல்லாம் யார் செய்வது என்று நான் கேட்டேன். அவர் நிஜமாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். ஊற வைப்பது ஒரு வேலையா என்று கேட்டார்.

அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. இந்த மனிதர் மனசறிந்து என்னை ஏய்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இவருக்கு நான் செய்வது கண்ணிலேயே படவில்லை.

எஸ்டேட்டில் குடும்பம் நடத்தினவளுக்கு வேலைநிறுத்தம் தெரியாதா? ஒரு வருஷம் பழம் பழுத்துக் கொட்டுகிற நேரத்தில் ஆட்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சத்தம் போடவில்லை, கல்லெறியவில்லை, சும்மா உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு பறிக்கப் போய், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். தைலம் தேய்த்துவிட்டது நான்தான்.

முதுகுக்குப் பின்னால் எதையும் செய்வது எனக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா விதையையும் கழுவி, ஊற வைத்து, அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, நீங்க சொன்ன மாதிரியே ஊற வெச்சுட்டேன். அது மட்டுந்தான் செஞ்சிருக்கறேன். ஞாயித்துக்கெழம நான் பூசைக்குப் போறேனுங்க."

போயிட்டு வா, ஊற வெச்சதே போதும் என்றார் போனைப் பார்த்தபடியே.

சனிக்கிழமை எனக்குப் பொழுது போகவில்லை. கை துறுதுறுத்தது. அடுப்படிக்குப் போனேன், கிண்ணங்களைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். நிலக்கடலைத் தண்ணீரில் நுரை பொங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை வடித்துவிட்டால் பிழைத்துவிடும். சாப்பிடுகிற பொருளை வீணாக விடுவது எனக்குப் பாவமாகப் பட்டது. வெளியே போய்ச் சேலைகளைத் துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். ரப்பர் பையைத் தேடி எடுத்து, அவர் கட்டிலுக்கே கொண்டுபோய் வைத்தேன், முட்டிக்கு ஆகட்டும் என்று. அவர் ஒருதரமும் அடுப்படிப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால், என்ன இது இப்படிக் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அங்கேயே இளகியிருப்பேன்.

ஞாயிறு காலை அடுப்படி முழுக்கப் புளித்த வாடை. பச்சைப்பயறு தண்ணீருக்குள்ளேயே கிடந்து சொதசொதவென்று ஆகியிருந்தது. கொண்டைக்கடலைத் தண்ணீர் நூல் விட்டது. ஒன்றில்கூட முளை இல்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன், ஸ்கூட்டரை எடுத்தேன். மூடுபனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்டினேன். டூரிஸ்ட் கார்கள் எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. பயமாக இருந்தது. வளைவுக்குப் பயந்தேனா, திரும்பிப் போனால் நடக்கப் போவதற்குப் பயந்தேனா, தெரியவில்லை. வண்டியை மட்டும் திருப்பவில்லை.

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பாட்டுத் தாளை நீட்டினார். ஹாஸ்டல் பிள்ளை நகர்ந்து இடம் விட்டாள். முதல் பாட்டில் எனக்குச் சுருதியே பிடிபடவில்லை. இரண்டாவதில் பிடிபட்டது. பயிற்சியில் ஒரு இடத்தில் முதல் குரல் நின்றுபோய், இரண்டாம் குரல் மட்டும் தனியாகப் போக வேண்டும். அந்த இடத்தில் என் குரலை நானே கேட்டேன். வயசாகிக் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் என்னுடையதுதான். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகவே பாடினேன். சிஸ்டர் புருவத்தைத் தூக்கினார். தூக்கட்டும்.

வீடு திரும்பியபோது வாசலில் கார்கள் நின்றன. ஆட்கள் வெயிலில் கூடிக்கூடி நின்றுகொண்டிருந்தார்கள். அமைப்பாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் சட்டென்று எடுத்துவிட்டு, வணக்கம் சொன்னார். உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்து, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் பயறைக் கொட்டி அலசிக்கொண்டிருந்தார். பாதிப் பயறு தொட்டியின் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. முழங்கை வரை வெந்தயம்.

"ஏன் முளைக்கல?" என்றார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், குரல் பாதியில் இறங்கிவிட்டது.

நான் நல்ல சேலையோடேயே அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு குண்டான் தண்ணீரை ஏற்றினேன். ஆபீஸ் பெண்மணியும் இன்னும் நாலைந்து பேரும் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"இந்தக் குளிர்ல பயறு தானா முளைக்காதுங்க. தெனமும் மூணு வேளை சுடுதண்ணி காய வெச்சு, உங்க முட்டிக்கு வாங்கின பையில ஊத்தி, அதுக்கு மேல வெச்சுத்தான் முளைக்க வெச்சேன். இந்த வாரம் வெக்கல."

ஆபீஸ் பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தன்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அடுப்படிக்குள் நீங்கள் வந்தது இன்றைக்குத்தானே என்றேன். வந்தவர்கள் பையில் மிச்சமிருந்த பாதாமும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். மையத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு நல்ல தீனி. நாலு பேர் முன்னால் புருஷன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோயிலிலேயே ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். வாங்கினேன். என் உழைப்பை அவர் நாலு பேர் முன்னால் இல்லை என்றாரே, அதற்கு என்ன பேர் என்று திருப்பிக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் உணவை மாற்றவில்லை, அந்தப் பிடிவாதத்தை நானும் மெச்சுகிறேன். தன் பயறைத் தானே ஊற வைக்க ஆரம்பித்தார். தானே அலசினார். வெந்நீர் வைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார். முதல் முளை வந்த அன்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. நல்லா வந்திருக்குதுங்க என்றேன். நல்லாத்தான் வந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அமைப்பாளரிடமிருந்து போன் வந்தது, அவருக்கு அல்ல, எனக்கு. என் வீட்டுக்காரர்தான் நம்பரைக் கொடுத்தாராம். இவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அமைப்பாளர் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார். அம்மாவின் உழைப்பு இவ்வளவு இருக்கிறதென்று தங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். மையத்துக்கு ஹீட்டர் வாங்கித் தருகிறோம், அலசவும் அரைக்கவும் ஒரு ஆளைப் போட்டுத் தருகிறோம், அம்மா கூடவே இருந்து மேற்பார்வை மட்டும் பார்த்தால் போதும், உங்கள் சம்மதம் இல்லாமல் ஐயா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டைப் பற்றிய ஒரு முடிவுக்கு என் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் சரி என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். முகத்தில் அவ்வளவு ஆசை.

"எந்தக் கெழமைங்க?" என்று கேட்டேன்.

சனி, ஞாயிறுதான் ஆட்கள் வருவார்கள் என்றார்.

"கேட்டதுக்கு நொம்ப சந்தோசங்க," என்றேன். "ஆனா முடியாதுங்க. ஞாயித்துக்கெழம எனக்குப் பாட்டு இருக்குது."

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. பழக்க தோஷத்தில்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"பாட்டு ஒரு வேலையா புள்ள?"

"இல்லீங்க," என்றேன். "அது ஒண்ணுதான் எனக்கு வேலை இல்ல. அதனாலதான் போறேன்."